மாமா எந்த மொழிச் சொல்?

மேடைப் பேச்சுகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் ஒரு வகைப் பட்டியலை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் தமிழ்ச் சொல். எதிர்ப்பக்கம் ஓர் அயல்மொழிச் சொல். இரண்டும் ஒலியில் ஒத்திருக்கும். பொருளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ‘ஒன்று’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஒன்’. ‘அப்பா’ என்பதற்குக் கொரிய மொழியிலும் ‘அப்பா’. ‘நீ’ என்பதற்குச் சீனத்திலும் ‘நீ’. ‘காசு’ என்பதற்குக் ‘கேஷ்’. பட்டியல் முடிந்ததும் முடிவுரை வந்துவிடும்: இம்மொழிகள் அனைத்தும் ஒரு தாய் மக்கள், அல்லது தமிழே அவற்றின் தாய்.

இத்தகைய பட்டியல்களைத் தொகுப்பவர்களின் மொழிப்பற்றில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் பற்றினால் பிறந்த ஒரு கருத்து அறிவியல் முடிவாக முன்வைக்கப்படும்போது, அறிவியல் கேட்கும் கேள்விகளுக்கும் அது விடை சொல்லியாக வேண்டும். ஒலி ஒத்திருந்தால் உறவு உண்டு என்று கொள்ளலாமா? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். அதற்கு நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது ‘மாமா’.

ஒரு சொல், பல பொருள்

தமிழில் மாமா என்றால் தாயுடன் பிறந்தவர். அத்தையின் கணவரும் மாமாதான். மாமனாரையும் மாமா என்றே அழைக்கிறோம். இந்தியிலும் ‘மாமா’ உண்டு. ஆனால் அங்கே அது தாயுடன் பிறந்தவரை மட்டுமே குறிக்கும். அத்தையின் கணவருக்குப் ‘பூஃபா’ என்றும், மாமனாருக்கு ‘ஸஸுர்’ என்றும் வேறு சொற்கள் உள்ளன. தமிழில் மூவரும் ஒரே பெயர் பெற்றது ஏன்? மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறை தென்னாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவதே காரணம். மாமன் மகளை மணந்தால் மாமனே மாமனார் ஆகிறார். அத்தை மகளை மணந்தால் அத்தையின் கணவர் மாமனார் ஆகிறார். வட இந்திய இந்துக்களிடையே பெரும்பாலும் இம்முறை இல்லை. எனவே ஒலி ஒன்றாக இருந்தாலும், இரு மொழிகளிலும் அச்சொல் நிற்கும் உறவுமுறை அமைப்பு வேறு.

இலங்கைக்குச் செல்வோம். சிங்களத்திலும் நெடிலுடன் ‘மாமா’ என்றால் மாமன்தான். ஆனால் இரு எழுத்தையும் குறிலாக்கி ‘மம’ என்றால் ‘நான்’ என்று பொருள். வடமொழியில் ‘என்னுடைய’ என்று பொருள்படும் ‘மம’ என்ற சொல்லே சிங்களத்தில் இவ்வாறு வழங்குகிறது. மாமனுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் ‘மாமா’ என்றால் தாய். சீனத்திலும் தாய். தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலை மக்கள் பேசும் கெச்சுவா மொழியிலும் ‘மம’ என்றால் தாய்தான். இதோ, உலகமே ஒரே சொல்லால் தாயை அழைக்கிறது என்று மகிழத் தோன்றும். ஆனால் கருங்கடலின் கிழக்குக் கரையில் உள்ள ஜார்ஜியா நாட்டில் ‘மாமா’ என்றால் தந்தை! தாய்க்கு அங்கே ‘டெடா’ என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் பிட்ஜன்ஜட்ஜாரா பழங்குடியினரின் மொழியிலும் ‘மாமா’ என்றால் தந்தையே. சப்பானிய மொழியிலோ ‘மமா’ என்று ஒரு பழைய சொல் உண்டு. அதற்கு ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்.

தாய், தந்தை, தாய்மாமன், மாமனார், நான், உள்ளபடி - இத்தனை பொருள்கள்! இப்போது பட்டியல் தொகுப்பவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். சுவாகிலி, சீனம், கெச்சுவா ஆகியவற்றை எடுத்து நமது ‘அம்மா’வுக்குப் பக்கத்தில் வைப்பார். ஜார்ஜியாவையும் சப்பானையும் விட்டுவிடுவார். கிளி ஜோசியத்தில் பலித்த சீட்டை மட்டும் ஊரெல்லாம் சொல்லி, பலிக்காதவற்றை மறந்துவிடுவது போன்றது இது. சாதகமான சான்றுகளை மட்டும் பொறுக்கி எடுப்பதே இப்பட்டியல்களின் முதற்குறை.

அப்படியானால் ஒலிகள் ஒத்துப்போவதற்குக் காரணம்தான் என்ன? காரணம் ஒன்றன்று, நான்கு உண்டு. மழலை, தற்செயல், கடன், மரபு என்று அவற்றை அழைக்கலாம். நான்கில் மரபு ஒன்றுதான் மொழிகளுக்கிடையே இரத்த உறவைக் காட்டும்.

மழலை செய்யும் வேலை

ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர், உலகின் பல மொழிகளிலிருந்து தாயையும் தந்தையையும் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். தாய்க்கு 531, தந்தைக்கு 541. அவற்றை ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் ஆராய்ந்து 1960-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடு ம, ந போன்ற மூக்கொலிகளைக் கொண்டிருந்தன. தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடே அவ்வாறு இருந்தன. இது தற்செயலாக இருக்க முடியாது.

யாக்கப்சன் தந்த விளக்கம் எளிமையானது. குழந்தை பால் குடிக்கும்போது அதன் வாய் அடைபட்டிருக்கும். அந்நிலையில் அது ஒலி எழுப்பினால் காற்று மூக்கு வழியே வெளியேறும். பிறப்பது ‘ம்ம்’ என்ற ஒலி. பின்னர் பால் வேண்டும்போதும், பால் தருபவரைக் காணும்போதும் அதே ஒலியைக் குழந்தை எழுப்புகிறது. இதழ்களை மூடித் திறந்தால் பிறப்பவை ம, ப போன்ற ஒலிகள். வாயை அகலத் திறந்தால் ‘ஆ’. நாவை நுட்பமாக வளைக்கத் தெரியாத பருவத்தில் குழந்தைக்கு எளிதில் வாய்ப்பவை இவையே. ஏறத்தாழ ஆறு மாதம் முதல் பத்து மாதத்திற்குள் குழந்தை இவற்றை அடுக்கி ‘மமமம’, ‘பபபப’ என்று பிதற்றத் தொடங்குகிறது.

அப்போது அருகில் இருக்கும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘குழந்தை என்னைத்தான் அழைக்கிறது’ என்று மகிழ்கிறார்கள். ஒலியைத் தருவது குழந்தை. பொருளைத் தருவது பெரியவர்கள். பெரும்பாலான நாடுகளில் ‘மமம’ தாய்க்குப் போயிற்று. ஜார்ஜியாவில் தந்தைக்குப் போயிற்று. ‘பாபா’வின் கதையும் இதுவே. துருக்கியிலும் சீனத்திலும் சுவாகிலியிலும் அது தந்தை. ரஷ்யாவிலும் சப்பானிலும் கிழவி!

ஆகவே கொரியக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ‘அப்பா’ என்று அழைப்பதில் வியப்பில்லை. இரண்டு குழந்தைகளுக்கும் இதழ்கள் ஒரே மாதிரியானவை. இதிலிருந்து மனித உடலின் ஒற்றுமை தெரிகிறது. மொழிகளின் உறவு தெரியவில்லை. தாய், தந்தை, மாமன், அத்தை போன்ற உறவுகளுக்கான மழலைச் சொற்களை மொழி உறவுக்குச் சான்றாக ஏற்பதில் மொழியியலாளர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான்.

தற்செயலின் ஆற்றல்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபாரம் என்ற மொழி வழங்கிவந்தது. அம்மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலத்திலும் அதே சொல், அதே பொருள். ஆங்கிலேயரிடமிருந்து கடன் வாங்கினார்களா? இல்லை. அம்மொழியை ஆராய்ந்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற அறிஞர், அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு உண்மையைக் கண்டார். அப்பகுதி மொழிகளில் நாய்க்கான பழைய சொல் ‘குடக’. ம்பபாரத்தில் சொல்லின் முதல் அசை தேய்ந்து மறைந்தது. இறுதி உயிரும் மறைந்தது. நடு உயிர் ‘ஒ’ என்று திரிந்தது. எஞ்சியது ‘டாக்’. இதே மாற்றங்கள் அம்மொழியின் பிற சொற்களிலும் காணப்படுகின்றன. இரு மொழிகளும் இரு வேறு வழிகளில் நடந்து வந்து, தற்செயலாக ஓரிடத்தில் சந்தித்தன, அவ்வளவே.

‘இப்படி ஒன்று நிகழலாம், நூறு நிகழுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மொழியில் 12 மெய்யொலிகள் உள்ளன என்றும், ஒவ்வொரு சொல்லிலும் இரண்டு மெய்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உறவே இல்லாத இரு மொழிகளில் ஒரே பொருளுடைய இரு சொற்கள் இரண்டு மெய்களிலும் ஒத்துப்போக 144-இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆயிரம் சொற்களை ஒப்பிட்டால் ஏழு சொற்கள் சும்மாவே ஒத்துப்போகும்.

ஆனால் பட்டியல் தொகுப்பவர் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. ‘க’வுக்குப் பதில் ‘ச’ வந்தாலும் ஒப்புக்கொள்வார். ‘ப’வுக்குப் பதில் ‘வ’ வந்தாலும் சரி என்பார். இவ்வாறு மும்மூன்று ஒலிகளை ஒன்றாகக் கொண்டால், 12 ஒலிகள் நான்கு கூட்டங்களாகிவிடும். வாய்ப்பு 16-இல் ஒன்றாக உயரும். பொருளிலும் அவர் தளர்வு காட்டுவார். ‘கை’ என்பதற்கு விரல், தோள், பிடி, கொடு என்று நெருங்கிய பொருள்களையும் தேடுவார். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள்களைத் தேடினால், ஏதேனும் ஒன்றில் ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 27-க்கும் மேல்! ஆயிரம் சொற்களில் ஏறத்தாழ 275 ‘சான்றுகள்’ கிடைத்துவிடும். உறவே இல்லாத எந்த இரு மொழிகளுக்கும் ஒரு சிறு நூலே எழுதிவிடலாம். பட்டியல் நீளமாக இருப்பது சான்றின் வலிமையைக் காட்டுவதில்லை. பல வேளைகளில் விதியின் தளர்வைத்தான் காட்டுகிறது.

கடன் வாங்கிய சொற்கள்

கடன் என்பது மெய்யான தொடர்பு; ஆனால் உறவன்று. ஒருவரிடம் கடன் வாங்கியதால் நாம் அவர் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவதில்லை. மேலே நாம் கண்ட பழைய ‘மமா’வோடு, தாயைக் குறிக்க மேலை நாட்டிலிருந்து வந்த இன்னொரு ‘மமா’வும் இன்று சப்பானில் வழங்குகிறது. அது கடன். நம் நகரங்களில் கேட்கும் ‘மம்மி’யும் கடன்தான். எகிப்தியப் பிரமிடுகளோடு சேர்த்துப் படிக்கும் ‘மம்மி’யோ வேறு, பாரசீக மொழியில் மெழுகைக் குறிக்கும் ‘மூம்’ என்ற சொல்லின் வழியில், அரபு மொழி ஊடாக ஐரோப்பாவுக்குச் சென்றது அது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் ஒன்று. பாலூட்டிகளுக்கு ‘மம்மாலியா’ என்று 1758-இல் பெயர் சூட்டினார் லின்னேயஸ். இலத்தீனில் ‘மம்மா’ என்றால் மார்பகம். அழிந்துபோன பெருயானையான ‘மாமத்’தும் ஒரு பாலூட்டியே. ஆனால் அதன் பெயர் இலத்தீனிலிருந்து வந்ததன்று. சைபீரியாவிலிருந்து ரஷ்ய மொழி வழியாக வந்தது. விலங்கு அந்த வகுப்பைச் சேர்ந்தது, சொல் சேராதது!

பட்டியல்களில் தவறாது இடம்பெறும் ‘கேஷ்’ என்ற சொல்லையும் பார்ப்போம். இதில் பாதி உண்மை உண்டு. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் ‘கப்சா’விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு ‘கேஷ்’தான் நமது ‘காசு’. போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்றது. கட்டுமரமும் சுருட்டும் இவ்வாறே கடலேறின. இவை தமிழர் வாணிகத்தின் பெருமைமிக்க தடயங்கள். இவற்றை உரிய இடத்தில் வைத்துப் போற்றினால் போதும்.

மரபின் அடையாளம்

உண்மையான உறவு எப்படித் தெரியும்? ஒலிகள் ஒத்திருக்க வேண்டுவதில்லை. ஒழுங்காக வேறுபட வேண்டும்! தமிழையும் கன்னடத்தையும் பாருங்கள். பால் – ஹாலு. பல் – ஹல்லு. புலி – ஹுலி. பூ – ஹூவு. பத்து – ஹத்து. பன்றி – ஹந்தி. சொல்லின் முதலில் தமிழில் ‘ப’ வருமிடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ வருகிறது. ஒரு சொல்லில் அன்று, வரிசை வரிசையாக வருகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அங்கும் ‘ப’வே இருந்தது என்பது இதற்கு உறுதி சேர்க்கிறது. தற்செயலுக்கு இத்தனை ஒழுங்கு தெரியாது.

இதனால் ஒரு விந்தையான விளைவும் உண்டு. உறவுடைய சொற்கள் சில வேளைகளில் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். வடமொழிச் ‘சக்கர’மும் ஆங்கில ‘வீல்’ என்பதும் ஒரே மூலச் சொல்லின் வழித்தோன்றல்கள். காதுக்கு எட்டாத இந்த உறவை விதி காட்டிக்கொடுக்கிறது.

இந்த அளவுகோலால் ‘ஒன்று – ஒன்’ இணையை அளந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லை இன்று ‘வன்’ என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’; இலத்தீனில் ‘ஊனுஸ்’. ‘அலோன்’, ‘ஒன்லி’ ஆகிய சொற்களுக்குள் ‘வ’ ஒலி நுழையாத பழைய வடிவம் இன்னும் இருக்கிறது. தமிழ் ‘ஒன்று’ என்பதோ ஒரு, ஓர், ஒருவன் என்பவற்றின் குடும்பம். தெலுங்கு ‘ஒகடி’, கன்னட ‘ஒந்து’ அதன் உறவினர். உண்மை உறவினர்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வர வேண்டும். ‘ப–ஹ’ இணைகள் அப்படித்தான் நெருங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே அவ்வாறான ஒலிவிதி எதுவும் இல்லை. பக்கத்தில் இரண்டாம், மூன்றாம் எண்ணுப் பெயர்களை வைத்தால் பட்டியல் அங்கேயே நின்றுவிடுகிறது.

அறிஞர்களும் விலக்கல்லர்

இக்குறை மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜான் பெங்ட்சன், மெரிட் ரூலன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1994-இல் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவானவை என்று 27 வேர்ச்சொற்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று ‘டிக்’. அதன் பொருள் விரல் அல்லது ஒன்று. நாம் போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒலியிலும் பொருளிலும் தளர்வு காட்டி, ஆயிரக்கணக்கான மொழிகளில் தேடினால் எந்த வேர்தான் கிடைக்காது? மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அப்பட்டியலை ஏற்கவில்லை. மனித மொழிகள் அனைத்தும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்கக் கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் ஒப்பீட்டு முறையின் வெளிச்சம் எட்டுவதில்லை என்பதே பெரும்பான்மையோர் கருத்து.

தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு காட்ட முயன்ற சப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவின் உழைப்பு இதைவிட மதிக்கத்தக்கது. அவர் வெறும் ஒப்புமையோடு நில்லாமல் ஒலி இணைவுகளையும் வகுக்க முயன்றார். எனினும் அவ்விணைவுகளில் தளர்வு மிகுதி என்பது திறனாய்வாளர்களின் தீர்ப்பு. அவரது கோட்பாடு பொதுவாக ஏற்கப்படவில்லை. வினைச்சொல் இறுதியில் வரும் வாக்கிய அமைப்பைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். துருக்கியிலும் ஸ்பெயின் நாட்டுப் பாஸ்கு மொழியிலும் அதே அமைப்பு இருப்பதை அவர்கள் கருத வேண்டும்.

இதில் நமக்கு என்ன?

‘இருந்துவிட்டுப் போகட்டுமே, தமிழுக்குப் பெருமைதானே’ என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். இந்திய மொழிகள் அனைத்தும், தமிழ் உட்பட, வடமொழியிலிருந்து பிறந்தவை என்று ஒரு காலத்தில் அறிஞர் பலர் நம்பினார்கள். அவர்கள் காட்டிய சான்று என்ன? தென்னக மொழிகளில் கலந்துள்ள வடசொற்களின் பட்டியல்! அந்த முடிவை 1816-இல் எல்லிசும், 1856-இல் கால்டுவெல்லும் எவ்வாறு மறுத்தார்கள்? கடன் சொற்களை ஒதுக்கிவைத்தார்கள். எண்ணுப்பெயர், மூவிடப் பெயர், வினை விகுதி ஆகியவற்றை ஒப்பிட்டு ஒழுங்கைத் தேடினார்கள். திராவிட மொழிக் குடும்பம் தனித்து நிற்பது அந்த ஒழுங்கின் வலிமையால்தான்.

அதே கால்டுவெல், திராவிட மொழிகளைச் சிதிய மொழிகள் என்று தாம் அழைத்த வடக்கு ஆசிய மொழிகளோடும் இணைக்க முயன்றார். அது நிலைக்கவில்லை. ஒரே அறிஞர், ஒரே நூல். ஒழுங்கு கிடைத்த இடத்தில் முடிவு நின்றது; ஒப்புமை மட்டும் இருந்த இடத்தில் விழுந்தது. பட்டியல் முறையை நாம் ஏற்றால், நம்மை வடமொழியின் பிள்ளை என்று சொன்ன பழைய வாதத்தையும் ஏற்க வேண்டிவரும். தராசு ஒன்றுதான், நமக்குச் சாதகமான நாளில் மட்டும் அதை மாற்றிப் பிடிக்க முடியாது.

எனவே அடுத்த முறை இத்தகைய பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது குழந்தையின் மழலைச் சொல்லா? கடனாக வந்திருக்குமா? இரு சொற்களின் பழைய வடிவங்களும் ஒத்துள்ளனவா? இந்த ஒலி மாற்றம் வேறு பத்துச் சொற்களிலாவது திரும்ப வருகிறதா? நான்கையும் தாண்டி நிற்கும் இணைகள் சிலவே இருக்கும், அவற்றை நம்பலாம். வேண்டுமானால் ஒரு பயிற்சியும் செய்து பாருங்கள். தெலுங்கோ மலையாளமோ அறிந்த நண்பர் ஒருவருடன் அமர்ந்து ஐம்பது எளிய சொற்களை எழுதி ஒப்பிடுங்கள். எங்கே எந்த ஒலி எந்த ஒலியாக மாறுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒழுங்கு தானே கண்முன் எழும். ‘மாமா’வைத் தேடி ஜார்ஜியா வரை சென்று காணாத உறவு, அடுத்த வீட்டு மொழியில் விதியோடு காத்திருக்கிறது.